23 முட்டைகளும் கொஞ்சம் தண்ணீரும்

ஆபரேஷன் தியேட்டர் கதவைத் திறந்துகொண்டு நர்ஸ் வெளியே வந்தபோது நான் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை சிஸ்டர்?" என்பதுதான். "23 சார்" என்றார். அடுத்த அரை நிமிடத்தில் குடும்ப வாட்ஸப் குழுவில் 23 என்று போட்டு, பின்னாலேயே மூன்று ஆச்சரியக்குறிகளும் போட்டுவிட்டேன். அத்தை கும்பிடும் கையை அனுப்பினார். அம்மா "முருகா" என்று எழுதினாள். அக்கா, "சூப்பர்டா". உள்ளே என் மனைவி மயக்கம் தெளியாமல் படுத்திருந்தாள். அவள் எப்படியிருக்கிறாள் என்று கேட்க வேண்டும் என எனக்கு உறைத்தபோது நர்ஸ் உள்ளே போயிருந்தார், கதவும் சாத்திக்கொண்டது.

அந்த அரை நிமிடம் இரண்டு வருடமாக என்னை விடவில்லை. அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். ஆனால் நேராக அங்கே போகத் தைரியமில்லை. கொஞ்சம் உயிரியல் வழியாகச் சுற்றி வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் ப்ளஸ் டூவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் எடுத்தவன், பிறகு இன்ஜினியரிங். இதையெல்லாம் படித்தது அதற்கப்புறம், குற்றவுணர்ச்சியில்.

ஐவிஎஃப் பக்கம் போகாதவர்களுக்காகச் சுருக்கமாக. மாதத்துக்கு வழக்கமாக ஒரு கருமுட்டை முதிரும். இங்கே பத்து நாள் போல ஊசி போட்டு ஒரே சமயத்தில் பல முட்டைகளை வளர்த்தெடுக்கிறார்கள். முட்டை ஸ்கேனில் தெரியாது. தெரிவதெல்லாம் அதைச் சுற்றியிருக்கும் நீர்ப்பைதான், திரையில் கறுப்பு வட்டமாக. அதற்குப் பெயர் ஃபாலிக்கிள். இரண்டு நாளைக்கு ஒருமுறை 'ஃபாலிக்கிள் ஸ்டடி'. வலது பக்கம் 12, 14, 14, 15 என்று டாக்டர் சொல்லச் சொல்ல நர்ஸ் எழுதிக்கொள்வார். எல்லாம் மில்லிமீட்டர். 18ஐ ஒட்டிப் போதுமான வட்டங்கள் வந்ததும் 'ட்ரிக்கர்' ஊசி. அதிலிருந்து சுமார் 36 மணி நேரத்தில், முட்டை தானாக வெளியேறுவதற்குச் சற்று முன்பு, நீளமான ஊசியால் ஒவ்வொரு பையாகக் குத்தி உறிஞ்சி எடுக்கிறார்கள்.

இந்த எண்களையெல்லாம் நான் கூகுள் ஷீட்டில் ஏற்றி கிராஃப் போட்டு வைத்திருந்தேன். மனைவி ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, "உன் ஆபீஸ் டாஷ்போர்டு மாதிரியே இருக்கு" என்றாள். பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

ஒரு வாரம் கழித்து, லேபில் இருந்த எம்ப்ரியாலஜிஸ்ட் பெண்ணிடம் பேசும் வாய்ப்பு கிடைத்தது. என்னைவிடப் பத்து வயது இளையவராக இருப்பார், நிதானமாக விளக்கினார். ஊசி வழியாக வருவது நீர். வைக்கோல் நிறம், பல சமயம் ரத்தம் கலந்து சிவப்பாக இருக்கும். 37 டிகிரியில் சூடாக வைத்த டெஸ்ட் ட்யூபில் பிடித்து, சின்ன ஜன்னல் வழியாக லேபுக்குள் கொடுப்பார்கள். அதைத் தட்டில் ஊற்றி மைக்ராஸ்கோப்பில் தேடுவார்கள். மேகம் மாதிரி செல்கள் சூழ்ந்த ஒரு புள்ளி கிடைத்தால் "ஒன்று" என்று குரல் கொடுப்பார்கள். அதை எடுத்து, கழுவி, வேறு திரவத்தில் வைப்பார்கள்.

"அந்த நீர்?"

"அது டிஸ்கார்ட் சார்."

தப்பேதும் இல்லை. அவர் வேலை முட்டையைத் தேடுவது. ஆனால் வீட்டுக்கு வரும் வழியில், பழக்க தோஷத்தில், ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். முதிர்ந்த பை சுமார் 20 மில்லிமீட்டர் விட்டம். முட்டை சுமார் 0.1 மில்லிமீட்டர். விட்டத்தில் 200 மடங்கு என்றால் கொள்ளளவில் 200ஐ மூன்று முறை பெருக்கணும். 80 லட்சம். முட்டை ஒரு பங்கு என்றால் நீர் 80 லட்சம் பங்கு. ஒரு பைக்கு 4 மில்லிக்குக் கொஞ்சம் மேல், டீஸ்பூனைவிடச் சற்றுக் குறைவு. 23 பைக்கும் சேர்த்தால் அரை டம்ளர் தேறும். நான் வாட்ஸப்பில் அறிவித்தது அந்த அரை டம்ளரில் கண்ணுக்குத் தெரியாத பங்கை.

வேடிக்கை என்னவென்றால், 155 வருடம் அந்த நீரும் சேர்ந்துதான் முட்டை என்று இருந்தது. 1672இல் டெல்ஃப்ட் நகரத்து மருத்துவர் ரெய்னியர் டி கிராஃப், பெண்ணின் இனப்பெருக்க உறுப்புகள் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். சூலகத்தில் தெரியும் நீர்ப்பைகளே முட்டைகள் என்பது அவர் வாதம். அந்த நீரைக் கொதிக்க வைத்துப் பார்த்திருக்கிறார். கோழிமுட்டை வெள்ளைக்கரு போலவே உறைந்தது. நிறமும் பதமும் மட்டுமல்ல, ருசியும் அப்படியே என்று எழுதுகிறார். ருசி பார்த்திருக்கிறார் மனுஷன். முயலின் கருக்குழாயில் கிடைத்த முட்டைகள், சூலகத்துப் பைகளைவிட ரொம்பச் சிறியதாக இருந்தது அவருக்கே உறுத்தியது. தீர்த்துக்கொள்ள அவகாசம் கிடைக்கவில்லை. அடுத்த வருடமே, 32 வயதில், இறந்துபோனார். முதிர்ந்த பைக்கு இன்றும் அவர் பெயர்தான், கிராஃபியன் ஃபாலிக்கிள்.

1827இல் கோனிக்ஸ்பெர்க்கில் கார்ல் எர்ன்ஸ்ட் ஃபான் பேயர் ஒரு நாயின் சூலகத்தைத் திறந்து பார்த்தார். சக பேராசிரியர் புர்டாக் வீட்டில் வளர்ந்த நாய். நீர்ப்பைக்குள் மஞ்சளாக ஒரு புள்ளி. அதை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்ததும், மின்னல் அடித்தது போலப் பின்வாங்கியதாகப் பின்னாளில் நினைவுகூர்ந்தார். பாலூட்டியின் முட்டையை முதன்முதலாகச் சரியாக அடையாளம் கண்ட கணம். அன்றிலிருந்து பை வெறும் பை, நீர் வெறும் நீர். நான் வாட்ஸப்பில் செய்தது ஒருவகையில் ஃபான் பேயர் தொடங்கி வைத்த கணக்குதான்.

சரி, அந்த நீர் என்னதான் செய்கிறது?

ஃபாலிக்கிளின் உள்சுவரில் இருக்கும் கிரானுலோசா செல்களுக்கு நேரடி ரத்தக்குழாய் கிடையாது. குழாய்கள் வெளிச்சுவரோடு நின்றுவிடும். உள்ளே செல்கள் ஹயலுரோனன் போன்ற பெரிய சர்க்கரை மூலக்கூறுகளைச் சுரந்து வைக்கின்றன. உப்புப் போட்ட வெள்ளரிக்காய் நீர் விடுவது போல, அவை ரத்தத்திலிருந்து நீரை உள்ளே இழுக்கின்றன. ஏறக்குறைய ரத்தத்தின் திரவப் பகுதியேதான், ஆனால் வடிகட்டி வந்தது. பெரிய புரதங்கள் பல சுவரோடு நின்றுவிடும். அதில் செல்கள் தங்கள் சரக்கையும் கலக்கின்றன. உதாரணமாக ஈஸ்ட்ரடையால் ஹார்மோன், ரத்தத்தில் இருப்பதைப் போல ஆயிரம் மடங்குக்கும் மேல் இந்த நீரில் இருக்கும்.

என்னை நிறுத்திய விஷயம் வேறு. கருமுட்டை தன் செல் பிரிவைத் தொடங்குவது, அந்தப் பெண் தன் தாயின் வயிற்றில் இருக்கும்போது. தொடங்கிப் பாதியில் நிற்கிறது. பிறந்து, பள்ளிக்கூடம் போய், வயதுக்கு வந்து, கல்யாணமாகி, அதுவரைக்கும் நிற்கிறது. என் மனைவிக்கு அப்போது 34. அவள் முட்டைகள் 34 வருடத்துக்கு மேல் அதே இடத்தில் காத்திருந்தன. 1935இல் பின்கஸ், என்ஸ்மன் இருவரும் (கருத்தடை மாத்திரையோடு பின்னாளில் பெயர் சேர்ந்த அதே பின்கஸ்) முயலின் முட்டையை ஃபாலிக்கிளிலிருந்து வெளியே எடுத்து வைத்தார்கள். யாரும் எதுவும் செய்யாமல் அது தானாகவே பிரியத் தொடங்கியது. அதாவது, முட்டைக்குக் கிளம்பத் தெரியும். சுற்றி இருப்பதுதான் "இரு, இப்ப வேண்டாம்" என்று பிடித்து வைக்கிறது.

எப்படிப் பிடிக்கிறது என்பது ரொம்ப நாள் தெரியவில்லை. 2010இல் எலிகளில் ஒரு விடை கிடைத்தது. சுவரில் இருக்கும் செல்கள் ஒரு சின்னப் புரதத்தை உள்ளே சுரக்கின்றன. முட்டையை ஒட்டியிருக்கும் செல்கள் அதைப் பெற்றுக்கொண்டு, நுண்ணிய வாசல்கள் வழியாக முட்டைக்குள் ஒரு மூலக்கூறை விடாமல் அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. அது வந்துகொண்டிருக்கும் வரை முட்டை நகராது. மூளையிலிருந்து எல்.ஹெச். ஹார்மோன் பொங்கி வரும்போது அந்த அனுப்புதல் நிற்கிறது, முட்டை நகர்கிறது. என் தொழிலில் இதை லாக் என்போம். ஆனால் 34 வருடம் ஒரு லாக்கைப் பிடித்து வைத்திருந்தால் எங்கள் ஊரில் சர்வர் செத்துவிடும். ஒப்புமையை இத்தோடு விடுகிறேன்.

அப்புறம் அந்த வெடிப்பு. நீர் சேர்ந்து சேர்ந்து அழுத்தம் தாங்காமல் பலூன் மாதிரி பை வெடிக்கும், முட்டை தெறிக்கும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். 1963இல் எஸ்பே, லிப்னர் இருவரும் முயலின் ஃபாலிக்கிளுக்குள் அழுத்தத்தை அளந்து பார்த்தார்கள். வெடிப்பதற்கு முன் அழுத்தம் ஏறவேயில்லை. நடப்பது வேறு: நொதிகள் சுவரின் உச்சியில் ஓர் இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கின்றன. காயம்பட்ட இடத்தில் வரும் அழற்சியைப் போன்றது என்று 1980இல் எஸ்பே எழுதினார். சுவர் தளர்ந்து வழிவிட்டதும், எப்போதும் இருந்த அதே மெல்லிய அழுத்தத்தில் நீர் கசிந்து வெளியேறுகிறது, முட்டையைத் தன்னோடு கூட்டிக்கொண்டு. 2008இல் பெல்ஜிய மருத்துவர் ஜாக் டொனே, வேறொரு அறுவை சிகிச்சைக்குத் தயாரான பெண்ணிடம் இதைத் தற்செயலாகப் படம்பிடித்தார். முடிய ஏறக்குறைய கால் மணி நேரம் ஆனது. பலூன் எதுவும் வெடிக்கவில்லை.

வெளியே வந்த பிறகும் அதற்கு வேலை உண்டு. விந்தணுக்கள் இந்த நீரை நோக்கித் திரும்பி நீந்தும் என்பது 1991 முதல் தெரிந்த விஷயம். 2020இல் வெளிவந்த ஆய்வில், மான்செஸ்டர் மருத்துவமனையில் சிகிச்சைக்கு வந்த தம்பதிகளின் மாதிரிகளைக் கலந்து பார்த்தார்கள். ஒவ்வொரு பெண்ணின் நீரும் குறிப்பிட்ட சில ஆண்களின் விந்தணுக்களை அதிகம் ஈர்த்தது. அந்த ஆள் எப்போதும் சொந்தக் கணவன் அல்ல. மனைவியிடம் இதைச் சொன்னபோது, "நல்லவேளை, நம்மளோடத யாரும் டெஸ்ட் பண்ணல" என்றாள்.

கதைக்கு வருகிறேன். எக் பிக்கப் முடிந்து மூன்றாம் நாள் அவளுக்கு வயிறு உப்பத் தொடங்கியது. நான்காம் நாள் மூன்று கிலோ ஏறியிருந்தாள். படுத்தால் மூச்சு விட முடியவில்லை, இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்து உட்கார்ந்தே விடியவிடிய இருந்தாள். சூலகம் அளவுக்கு மீறித் தூண்டப்பட்டால் வருவது இது. ரத்தக்குழாய்ச் சுவர்கள் தளர்ந்து, ரத்தத்தின் திரவப் பகுதி வயிற்றுக்குள் கசியும். ஃபாலிக்கிளுக்குள் துளித்துளியாக வடிகட்டி வந்த அதே திரவம், இப்போது கட்டுப்பாடில்லாமல். ஃபாலிக்கிள்கள் நிறைய இருந்தால் அபாயம் அதிகம் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். ஃபாரத்திலும் இருந்தது. கையெழுத்துப் போட்டவன் நான்தான். 23 என்று நர்ஸ் சொன்னபோது அவர் குரலில் கொண்டாட்டம் இல்லை என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

அட்மிட் செய்து, வயிற்றில் ஊசி போட்டு ஒன்றரை லிட்டர் எடுத்தார்கள். மஞ்சளாக ஒரு பாட்டிலில் இறங்கியது. அதை மில்லி விடாமல் அளந்தார்கள். குடித்தது எவ்வளவு, சிறுநீர் எவ்வளவு, காலையில் இடுப்புச் சுற்றளவு எவ்வளவு என்று சார்ட். நான்தான் எழுதினேன். பதினைந்து நாளாகக் கறுப்பு வட்டங்களை எண்ணிய அதே கையால். கெடுதல் செய்யத் தொடங்கியதும்தான் நீருக்கும் எண் வந்தது.

நான்கு நாளில் சரியாகிவிட்டாள். அந்த நிலைமையில் கருவை வைத்தால் மறுபடி மோசமாகும் என்பதால் எல்லாவற்றையும் உறைய வைத்தார்கள். 23 முட்டையில் 17 முதிர்ந்தவை, 12 கருவுற்றன, ஐந்து ஐந்தாம் நாளைத் தாண்டின.

இந்தக் கட்டுரையின் முதல் வடிவத்தை ஆறு மாதத்துக்கு முன் எழுதினேன். அது அந்த நீருக்கான ஒரு புகழுரை. பிடித்து வைக்கிறது, ஊட்டுகிறது, நேரம் வந்ததும் வழியனுப்புகிறது, தன்னைக் கொட்டிக்கொள்கிறது, யாரும் எண்ணுவதில்லை. நம் வீட்டுப் பெண்களும் இப்படித்தானே என்று முடித்திருந்தேன். எழுதி முடித்தபோது எனக்கே கண் கலங்கியது. அவளிடம் படிக்கக் கொடுத்தேன்.

படித்துவிட்டு, "என்னை ஏன்டா தண்ணிப் பக்கம் வெச்சிருக்க?" என்றாள்.

"இல்ல, நான் அத உயர்வாத்தான்..."

"முட்டையும் நான்தான, தண்ணியும் நான்தான. எடுத்ததும் நான், கொட்டுனதும் நான். நீ எதுக்கு ரெண்டாப் பிரிச்சு ஒண்ணுக்குக் கோயில் கட்ற?"

அந்தக் கேள்விக்குப் பிறகு அந்த வடிவத்தைத் தூக்கிப் போட்டேன். நம் பக்கத்தில் இந்தப் பேச்சு எப்போதும் விதை, நிலம் என்றுதான் போகும். மனுஸ்மிருதியின் ஒன்பதாம் அத்தியாயம் பெண்ணை நிலம் என்கிறது, ஆணை விதை என்கிறது. அரிஸ்டாட்டில் கணக்கில் பெண் தருவது பொருள், ஆண் தருவது வடிவம். 1827க்குப் பிறகு பெண்ணிடமும் விதை உண்டு என்று சந்தேகமில்லாமல் தெரிந்துவிட்டது. அதற்கப்புறம் நாம் செய்தது, அந்த விதையை மட்டும் அவளிடமிருந்து தனியாக எண்ணி, மிச்சமிருக்கும் அவளை மறுபடி நிலமாக்கியது. நிலத்தைத் திட்டினாலும் கும்பிட்டாலும் நிலம் நிலம்தான். என் புகழுரை கும்பிடும் ரகம், அவ்வளவே. குடும்ப குரூப்பில் அத்தை அனுப்பிய கையைப் போல.

உயிரியலும் அவள் பக்கம்தான் இருக்கிறது. முட்டை சும்மா உட்கார்ந்து வாங்கிக்கொள்வதில்லை. அது ஜி.டி.எஃப்.9 என்ற புரதத்தைச் சுரந்து சுற்றியுள்ள செல்களை வளரச் சொல்கிறது. அந்தப் புரதம் இல்லாத எலிகளில் ஃபாலிக்கிள் ஆரம்ப நிலையிலேயே நின்றுவிடும், நீர் சேரும் கட்டத்துக்கே வராது. ஆக, நீரை வரவழைத்ததில் முட்டைக்கும் பங்குண்டு, முட்டையைப் பிடித்து வைத்ததில் நீருக்கும் பங்குண்டு. எது எதற்குப் பாத்திரம் என்று கேட்டால் பதில் இல்லை. தட்டில் ஊற்றித் தேடும்போதுதான் ஒன்று பொருளாகவும் இன்னொன்று கழிவாகவும் ஆகின்றன. லேபுக்கு அந்தப் பிரிவினை தேவை. வீட்டுக்கும் அதையே நான் கொண்டுவந்தேன்.

மனிதரை வெறும் கருவியாக மட்டும் நடத்தாதே என்று காண்ட் சொன்னதை இங்கே இழுக்கலாம். நானும் இழுத்துப் பார்த்தேன். ஆனால் என் மீது வழக்குப் போடுவது அவ்வளவு சுலபம் இல்லை. ஏனென்றால் அன்று மயக்கம் தெளிந்ததும் அவள் முதலில் தண்ணி கேட்டாள்; அடுத்து, வீட்டுக்குப் போகும் காரில், அவளும் "எத்தனை?" என்றுதான் கேட்டாள். குழந்தை எனக்கு மட்டும் வேண்டியதில்லை. ஊசிகளைத் தன் வயிற்றில் தானே குத்திக்கொண்டவள் அவள். அவளும் தன் உடம்பைக் கருவியாகத்தான் பயன்படுத்தினாள்.

அப்படியானால் ஒரே கேள்வியை இரண்டு பேர் கேட்டதில் என்ன வித்தியாசம்? ரொம்ப நாள் யோசித்து எனக்குக் கிடைத்தது இவ்வளவுதான்: அவள் தன்னுடையதைச் செலவு செய்துவிட்டு வரவு கேட்டாள். நான் அவளுடையதைச் செலவு செய்துவிட்டு வரவு கேட்டேன். செலவு என்ன என்று முதலில் கேட்டிருக்க வேண்டிய ஆள் நான் ஒருவன்தான், ஏனென்றால் அது எனக்குத் தானாகத் தெரிய வழியில்லை. அவளுக்கு வலித்தது, அதனால் அவள் கேட்கத் தேவையில்லை. இதுவும் முழுசாக நிற்குமா என்று தெரியவில்லை. அவள் தன்னுடையதைச் செலவு செய்யத் துணிந்ததில் அம்மாவின் "விசேஷம் உண்டா"க்கள் எத்தனை, என் கிராஃப் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க என்னிடம் மைக்ராஸ்கோப் இல்லை.

இன்னொன்று. 2021இல் வந்த இனப்பெருக்கத் தொழில்நுட்பச் சட்டப்படி, முட்டை தானம் தரும் பெண் 23 முதல் 35 வயதுக்குள் இருக்கணும், வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் தரலாம், ஏழு முட்டைக்கு மேல் எடுக்கக் கூடாது. யாரோ ஒருவருக்காக ஒரு பெண்ணின் உடம்பிலிருந்து எடுக்கும்போது எல்லை வேண்டும் என்று சட்டத்துக்குத் தோன்றியிருக்கிறது. மனைவிக்கு அப்படி எண் எதுவும் இல்லை. அது அவளுக்காகவும்தான் என்பது காரணமாக இருக்கலாம், நியாயமான காரணம்தான். ஆனால் அந்த 'அவளுக்காகவும்' எவ்வளவு என்பதைச் சரிபார்க்கும் பொறுப்பைச் சட்டம் வீட்டுக்குள் யாரிடமோ விட்டிருக்கிறது. எங்கள் வீட்டில் அந்த யாரோ வாட்ஸப்பில் ஆச்சரியக்குறி போட்டுக்கொண்டிருந்தான்.

ஐந்து கருக்களும் இன்னும் உறைந்துதான் இருக்கின்றன. வருடத்துக்கு ஒருமுறை கட்டணம் கட்டச் சொல்லி மெசேஜ் வரும். போன வருடம் கட்டினோம். இந்த வருட மெசேஜ் போன வாரம் வந்தது. இப்போது வேண்டுமா, அப்புறமா, வேண்டவே வேண்டாமா என்பதை அவள் சொல்வதாகச் சொல்லியிருக்கிறாள். கூகுள் ஷீட்டை அழித்துவிட்டேன்.

இந்த வடிவத்தையும் நேற்று படிக்கக் கொடுத்தேன். பெயர் போட வேண்டாம் என்றாள், மற்றபடி ஆட்சேபம் இல்லை, ஒரே ஒரு திருத்தம். மயக்கம் தெளிந்ததும் அவள் தண்ணி கேட்கவே இல்லையாம்.

"கண்ணாடி கேட்டேன். ஒண்ணுமே தெரியல எனக்கு. நீ பையில வெச்சிட்டு வெளிய போன் பேசிட்டு இருந்த."